எந்தப் பரம்பரை?

போன வருஷம் எனக்குப் பெண் பார்த்த வீட்டில் ஒரு பெரியவர், "பரம்பரையா உங்க குடும்பம் என்ன பண்ணுது தம்பி?" என்று கேட்டார். நான் சாஃப்ட்வேர், அப்பா எண்ணூர் பக்கம் தொழிற்சாலை வேலை என்று சொன்னேன். அவர் கேட்டது அதை இல்லை, சாதியை. நாகரிகமா கேட்டார், அவ்வளவுதான்.

அதே சொல் வடசென்னை குத்துச்சண்டையில் வேறு மாதிரி புழங்கியது. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று அங்கே பரம்பரைகள் இருந்தன. ஒருத்தன் எந்தப் பரம்பரை என்றால், எந்த வாத்தியாரின் வழியில் கற்றவன் என்று அர்த்தம். அப்பா யார் என்பதல்ல. இது புதுசாகக் கண்டுபிடித்த பொருளும் இல்லை. வடமொழியில் அந்தச் சொல் ஒன்றன்பின் ஒன்றாக வரும் வரிசையைக் குறிக்கும். வைணவர்கள் தங்கள் ஆசாரியர் வரிசையைக் குருபரம்பரை என்பார்கள். அந்தப் பொருளை ஹார்பரில் மூட்டை தூக்கியவர்கள் தங்களுக்கும் எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். (இரண்டில் ஒன்றின் பெயரிலேயே சாதிப் பட்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதையும் மறைக்க வேண்டாம்.)

பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' (2021) இந்த இரண்டு அர்த்தங்களையும் மோதவிடுகிறது. ரங்கன் வாத்தியார் தன் மகன் வெற்றிச்செல்வனை விட்டுவிட்டு முதலில் ராமனையும், பிறகு கபிலனையும் தேர்ந்தெடுக்கிறார். வெற்றியின் முகத்தைப் பாருங்கள்: பெற்ற பிள்ளை தானே என்ற திகைப்பு அது. படத்தின் மிக நேர்மையான இடம் என்று அதைச் சொல்வேன்.

ஆனால் படமே முழுசா அதை நம்பவில்லை. கபிலன் யாரிடமும் முறையாகப் பயிற்சி எடுக்காதவன், பார்த்துப் பார்த்தே கற்றவன். அது போதாதா? போதாது என்று நினைத்து, அவன் அப்பா முனிரத்தினத்தையும் பாக்ஸராக்கிவிட்டார்கள். முன்வாசலில் தடுத்த ரத்தம் பின்வாசல் வழியாக வந்துவிட்டது. மகனும் அப்பன் மாதிரி ரவுடியாகிவிடுவான் என்ற பாக்கியத்தின் பயத்துக்கு அந்த அப்பா தேவைப்பட்டார், ஒத்துக்கொள்கிறேன். அவரை பாக்ஸர் ஆக்காமலே அந்தப் பயத்தைக் காட்டியிருக்கலாம்.

இன்னொன்று, இந்தப் பரம்பரையில் பெண்கள் கிடையாது. கபிலன் குடித்துச் சீரழிந்தபோது சார்பட்டா ஆட்களா வந்து தூக்கினார்கள்? மாரியம்மாதான் அவனோடு சண்டை போட்டுக்கொண்டே கூட நின்றாள். பாக்ஸிங் என்றாலே அடிக்க வந்த பாக்கியம்தான் அவனை பீடி ராயப்பனிடம் போகச் சொல்கிறாள். அறுந்துபோன வாத்தியார் வரிசையை மறுபடி முடிச்சுப் போட்டவள் அவள். மேடையில் பரம்பரைப் பெயரைச் சொல்லிக் கூவும்போது அவள் பெயர் எங்கேயும் வராது.