வேலன் படித்த உடம்பு

அகநானூற்றின் 22ஆம் பாடலைப் பாடியவர் வெறிபாடிய காமக்கண்ணியார். வெறியாட்டைப் பாடியதால் பெயரிலேயே வெறி ஏறிய பெண் கவி. பாடலில் நடப்பது இதுதான். தலைவி மெலிகிறாள். காரணம் காதலனின் பிரிவு. வீட்டுக்கு அது தெரியாது. அறிவு முதிர்ந்த பெண்டிர் முருகனை வழிபட்டால் தீரும் என்கிறார்கள். வேலன் வருகிறான், களம் அமைக்கிறான், பலி கொடுக்கிறான். அன்று இரவே காதலன் யாருக்கும் தெரியாமல் வந்து போகிறான். மறுநாள் அவள் உடம்பு தெளிந்திருக்கிறது. தெளிந்த பெருமை வேலனுக்குப் போகிறது. அவள் சிரிக்கிறாள்.

வகுப்பில் இதை வெறியாட்டுக்கு எடுத்துக்காட்டாகவும், இயற்கை வருணனைக்காகவும், தேர்வில் வரக்கூடிய பாடலாகவும் நடத்திவிட்டுப் போகிறோம். பிழையான சான்று ஒன்று எப்படி உறுதிப்படுகிறது என்பதைப் பற்றிய பாடல் என்றே நான் இதை வாசிக்கிறேன். வேலன் பொய் சொல்லவில்லை. அவன் வந்தான், அவள் தேறினாள். பார்த்த எவருக்கும் காரண காரியம் சரியாகப் பொருந்துகிறது. பொருந்தவில்லை என்று அறிந்தவள் ஒருத்திதான். அவளைத்தான் யாரும் கேட்கவில்லை.

மனச்சோர்வு மாத்திரையை நிறுத்திய பெண்களுக்கு நேர்வதும் இதுதான். மாத்திரை நின்ற இரண்டாம் மூன்றாம் நாளில் தலைசுற்றல், குமட்டல், தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை, காரணமில்லாத சினம். 'பார், பழைய நோய் திரும்பிவிட்டது' என்கிறது வீடு. மாத்திரையை மறுபடி கொடுக்கிறார்கள். சில நாளில் எல்லாம் அடங்குகிறது. அடங்கியதே நோய் இருந்ததற்குச் சான்றாகிறது. மருந்து எடுபட்டதால்தான் அடங்கியது என்பது உண்மை. ஆனால் அடங்கியது நோயா, மருந்து போனதன் விளைவா? இந்தக் கேள்வியைக் கேட்காதவர் எல்லோரும் வேலனே, கழுத்தில் ஸ்டெதஸ்கோப் இருந்தாலும் சரி, மாமியார் பட்டம் இருந்தாலும் சரி.

நோய் திரும்புவதும் உண்டு. அதை மறுத்து எழுதும் பெண்ணியம் எனக்கு உவப்பில்லை. நோய் திரும்பினால் பெரும்பாலும் வாரங்கள், மாதங்கள் எடுத்து மெல்ல வரும்; பழைய முகத்தோடு வரும். மருந்து விட்ட உடம்பு நாட்களில் பேசும். முன்பு இல்லாத குறிகளோடு பேசும். அவற்றில் ஒன்று தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற சொடுக்கு. கண்ணைப் பக்கவாட்டில் திருப்பும்போது அது வருவது பலர் சொல்லும் அனுபவம். நான்கு ஆண்டு வென்லாஃபாக்ஸின் போட்டு, மருத்துவர் மேற்பார்வையில் பதினொரு மாதம் எடுத்துக் குறைத்தவள் நான். கரும்பலகையிலிருந்து மாணவியர் பக்கம் திரும்பும்போதெல்லாம் அந்தச் சொடுக்கு. ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் பெண் ஒருவர் என்னிடம் சொன்னது இன்னும் துல்லியம்: "கண்ணு முன்னால போயிடுது டீச்சர், தல அப்பால வருது." எந்தப் பாடநூலிலும் இவ்வளவு சரியான வரியை நான் பார்த்ததில்லை.

சொற்களைப் படிப்பது என் தொழில் என்பதால் இதற்கு வைக்கப்பட்ட பெயர்களையும் படிக்கிறேன். முதல் மனச்சோர்வு மருந்துகளில் ஒன்றான இமிப்ரமினை நிறுத்தியவர்களிடம் இக்குறிகள் தோன்றுவது 1959இலேயே மருத்துவ இதழில் பதிவானது. புரோசாக் தலைமுறை மருந்துகள் வந்தபின் 'வித்டிராயல்' என்ற சொல் ஓரங்கட்டப்பட்டு 'டிஸ்கன்டினுவேஷன் சிண்ட்ரோம்' முன்னுக்கு வந்தது. 1996இல் எலி லில்லி நிறுவனத்தின் பொருளுதவியில் நடந்த நிபுணர் கூட்டமும், அதன் கட்டுரைகள் மறு ஆண்டு இதழ் இணைப்பாக வந்ததும் இப்பெயர் நிலைக்க உதவின. லில்லியின் புரோசாக் உடம்பில் நெடுநாள் தங்குவது. சீக்கிரம் வெளியேறும் பராக்ஸெட்டின் போன்ற போட்டி மருந்துகளுக்குத்தான் இந்தத் தொல்லை மிகுதி. ஆகவே பேச்சை எடுத்ததிலும் வியாபாரம், பேச்சை மென்மையாக்கியதிலும் வியாபாரம்! 'வித்டிராயல்' என்றால் குடியும் கஞ்சாவும் நினைவுக்கு வரும். 'டிஸ்கன்டினுவேஷன்' என்றால் பால்காரரை நிறுத்தியது போல் இருக்கிறது.

தமிழில் 'விலகல் அறிகுறிகள்' என்கிறோம். விலகல், விலக்கு, வீட்டுக்கு விலக்கு... இந்த வேரிலிருந்து கிளைத்த சொற்களைப் பெண் உடம்பு வேறொரு திண்ணையில் உட்கார்ந்து ஏற்கெனவே கேட்டிருக்கிறது. விலகியது மருந்து. ஆனால் சொல்லைக் கேட்டால் அவள்தான் எதிலிருந்தோ விலகிப்போனாள் என்று படுகிறது.

எத்தனை பேருக்கு இது வரும் என்பதில் ஆய்வாளர்களுக்குள் சண்டை ஓயவில்லை. 2019இல் டேவிஸ், ரீட் இருவரின் தொகுப்பாய்வு பாதிக்கு மேல் என்றது. 2024இல் லான்செட் சைக்யாட்ரியில் வந்த ஜெர்மானியத் தொகுப்பாய்வு, வெற்று மாத்திரையை நிறுத்தியவர்களுக்கும் குறிகள் தோன்றுவதைக் கழித்துப் பார்த்து, ஆறேழு பேரில் ஒருவர் என்றது. ஆறில் ஒருவர் என்றே கொள்வோம். ஒரு தையல் வரிசையில் எத்தனை பேர் உட்காருகிறார்கள்? பாதி மாத்திரையாக்கினால் மூளையில் அதன் வேலை பாதியாகாது என்பதும், கடைசிச் சிறு அளவுகளைத்தான் மிக மெதுவாகக் குறைக்க வேண்டும் என்பதும் 2019இல் ஹொரோவிட்ஸும் டெய்லரும் விளக்கியவை. இதைத் தானாகச் செய்யக் கூடாது, மருத்துவரோடு செய்ய வேண்டும். சட்டென்று நிறுத்துவது மிக மோசம்.

ஆனால் சட்டென்று நிறுத்துவது எப்போதும் ஒருத்தியின் முடிவா? எனக்குத் தெரிந்த அந்தப் பெண் நிறுத்தவில்லை, அட்டை தீர்ந்துபோனது. மருந்து வாங்க ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போகும். விடியுமுன் கம்பெனி பஸ், பிறகு டார்கெட். அவர் மயங்கிச் சாய்ந்தபோது சூப்பர்வைசர் 'சாப்பிடாம வந்திருப்ப' என்றார். பக்கத்து மிஷின்காரி சொல்யூஷன் வாடை என்றார். பசையின் கரைப்பான் ஆவியும் தலையைச் சுற்றவைக்கும் என்பதால் அதைத் தள்ளிவிடவும் முடியாது. வீட்டில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். பாலாற்றுக் கரையில் தோல் பதனிட்ட கழிவு என்ன செய்தது என்பதைச் சொல்ல 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று வந்தது. ஓடும் ஊசிக்கு முன்னால் ஒருத்தியின் தலைக்குள் சொடுக்குவது எந்தக் காகிதத்திலும் ஏறாது.

வேலூர் மனநலத்துக்குப் பெயர் போன ஊர். பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையம் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கும் முறையை இந்தியாவில் முன்னதாகவே கொண்டுவந்தது. பூட்டிய வார்டுக்கு மாற்றாக அது பெரிய அடிவைப்பு. அங்கே பேராசிரியராக இருந்த கே. எஸ். ஜேக்கப், வறுமையும் குடும்ப வன்முறையும் தரும் துயரத்தை நோயாக மட்டும் பார்ப்பதைக் கேள்வி கேட்டு எழுதியவர். இரண்டையும் மதித்தே கேட்கிறேன்: எங்கேயானாலும் குடும்பம் கூட வரும்போது, 'இவளுக்கு எப்படி இருக்கிறது' என்று யாரிடம் கேட்கிறோம்?

இனி நம் இலக்கியம். மனச்சிதைவையும் சிகிச்சையையும் தமிழில் நேர்நின்று எழுதியவர் கோபிகிருஷ்ணன் (1945–2003). 'உள்ளேயிருந்து சில குரல்கள்' அந்த வகையில் இன்றும் தனியாக நிற்கிறது. கவிதையில் ஆத்மாநாம். இருவரும் ஆண்கள். 2000க்குப் பின் பெண் கவிகள் முலை, யோனி, விலக்கு, வேட்கை என்று உடம்பை மீட்டார்கள். இதே தோல் நாட்டின் லாலாப்பேட்டைக்காரரான சுகிர்தராணி, செத்த மாட்டைத் தோலுரிக்கும் வேலையை மறைக்காமல் கவிதைக்குள் கொண்டுவந்தார். அந்த வரிசையின் பின்னால் வந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: நாம் மீட்ட உடம்பு மாத்திரை போடாத உடம்பு. வேட்கை மறத்துப்போன உடம்பு, மருந்து விட்டதும் விளம்பரத்தைப் பார்த்தே தேம்பும் உடம்பு, நம் கவிதைக்குள் அரிதாகவே வருகிறது. பித்து நமக்குக் கவர்ச்சியாக இருக்கிறது, பித்துக்கான மாத்திரை இல்லை.

அந்த அப்பர் தைக்கும் பெண் தினக் காலண்டர் தாள்களைக் கிழித்து, பின்பக்கம் எழுதி, ரப்பர் போட்டுக் கட்டிவைத்திருந்தார். நாற்பத்தோரு தாள்கள். சிலவற்றில் வெறும் எண். ஒன்றில், 'கரண்ட் 6. அழுவ 1, காரணம் இல்ல.' இன்னொன்றில், 'கரண்ட் 2. பஸ்ல சிரிச்சேன். எதுக்குன்னு ஞாபகம் இருக்கு.' அதை மருத்துவரிடம் கொண்டுபோய் மேசையில் வைத்தார். கணவர் பேச வாயெடுத்தபோது மருத்துவர் கையமர்த்திவிட்டு, முதல் தாளிலிருந்து படித்தாராம். குறைக்கும் காலம் மூன்று மாதத்திலிருந்து ஒன்பது மாதமானது. 'எதுக்குச் சிரிச்சீங்க?' என்று நான் கேட்டேன். சொல்லவில்லை.