ஒரே தரை, பல ஆட்டம்

பல்கலைக்கழக உள்விளையாட்டு அரங்குக்குப் போனால் கூரையையும் விளக்குகளையும் அண்ணாந்து பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். என் கண் தரையில்தான். வழவழப்பான மரப்பலகைமேல் கோட்டுக்கு மேல் கோடு. கூடைப்பந்துக்கு 28 மீட்டருக்கு 15. அதற்குள்ளேயே வாலிபால், 18-க்கு 9. பேட்மிண்டன் 13.4-க்கு 6.1. ஒவ்வொன்றும் ஒரு நிறம். வாலிபால் ஆடும் பெண்ணுக்கு மற்ற நிறங்கள் கண்ணிலேயே படுவதில்லை. எனக்கோ தலை சுற்றுகிறது. கம்பத்தை மாற்றி, வலையை 2.24 மீட்டரிலிருந்து 1.55-க்கு இறக்கினால் வேறு ஆட்டம். கபடிக்கு 13-க்கு 10 மேட் விரித்தால் போதும்.

திருவேங்கடம் பக்கத்துக் கரிசலில் இந்தக் கணக்கெல்லாம் சுண்ணாம்புப் பொடியில். மழை விழுந்தால் கோடும் போச்சு, ஆட்டமும் போச்சு. காலோடு அப்பிக்கொண்டு மண்ணே வீட்டுக்கு வரும். கோடையில் வெடிப்பு வேறு.

பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி சேர்ந்தது 1990-இல். நெல்லையில் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தொடங்கியதும் அதே ஆண்டுதான். கரிசலில் வெறுங்காலோடு ஆடிப் பழகிய பையன் பல்கலைக்கழக அரங்குக்கு வந்து ஷூ மாட்டி மேட்மேல் இறங்கும்போது முதலில் தடுமாறுவான். மண்ணில் சறுக்கிக்கொண்டே கோட்டைத் தொடலாம். மேட் காலைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அங்கே திரும்புகிற வேகம் இருக்கிறதே, அதை மண் தராது.