சுவரும் தியாகியும்
சிறையில் உண்ணாநோன்பிருந்து 1981 மே 5 அன்று உயிர்நீத்த அயர்லாந்துக் குடியரசுப் போராளி பொபி சான்ட்ஸின் முகம், பெல்பாஸ்ற் நகரில் அவரது இயக்கத்தின் அலுவலகச் சுவரிலேயே தீட்டப்பட்டுள்ளது.

மலையகத்திலும் தியாகிகள் உளர். 1940 ஜனவரி 10 அன்று முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் குண்டுக்குக் கோவிந்தன் பலியானார். 1977 மே 11 அன்று தலவாக்கலை டெவன் தோட்டத்தில், காணிப் பறிப்பை எதிர்த்த சிவனு லட்சுமணன் சுடப்பட்டார்.

சுவரிருந்தால்தான் சித்திரம் என்பர். லயத்துச் சுவரோ தொழிலாளியின் உடைமையன்று. வேலை போயின் அறையும் போகும். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நாட்டையே அவனுக்கு அந்நியமாக்கிற்று. எனவே தியாகியின் நினைவு பெரிதும் பேச்சிலும் நினைவுக் கூட்டத்திலுமே தங்கிற்று.

இதனைக் கலையுணர்வின் வறுமையெனக் கொள்ளும் விமர்சனம் உடைமையுறவைக் காணத் தவறுகின்றது. காணியுரிமைக் கோரிக்கை, இவ்வகையில், அழகியற் கோரிக்கையுமாகும்.