எஸ்.எம்.பி.எஸ்ஸின் உண்மையான வயது

பழைய கணினிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைப் பார்த்து, இதை இன்னும் நம்பலாமா என்று தீர்ப்புச் சொல்வது அருமையான கலை. அதில் தேர்ந்தவர்கள் தயாரிப்புத் தேதியை ஒரு ஓரமாகத்தான் வைப்பார்கள். பெட்டி எவ்வளவு சூட்டில் வாழ்ந்தது என்பதையே தேடுவார்கள். அது சரியான தேடல்தான். உள்ளே இருக்கும் எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களின் திரவம் சூட்டில் மெல்ல வற்றுகிறது. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது தொழிலில் புழங்கும் கணக்கு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் உழைக்கும் என்று குறிக்கப்பட்ட கெபாசிட்டர், 65 டிகிரியில் 32,000 மணி நேரம் ஓடும். இடைவிடாமல் ஓடினால் நான்கு ஆண்டுகூட வராது. அதுவே 45 டிகிரியில் 1,28,000 மணி நேரம், அதாவது 14 ஆண்டுகளுக்கு மேல். ஒரே நாளில் தயாரான இரண்டு பெட்டிகளில், தூசி அடைத்து மேசைக்கடியில் வெந்தது கிழடாகியிருக்கும். காற்றோட்டத்தில் இருந்தது திடமாக இருக்கும். ஐந்து வருடமானால் மாற்றிவிடு என்ற விதி எளிமையானது, பயந்தவர்களுக்கு ஆறுதலும் தரும். ஆனால் அது நல்ல பெட்டியைக் குப்பைக்கு அனுப்பிவிட்டு, மூன்றே வருடத்தில் வெந்துபோன பெட்டிக்கு நற்சான்று கொடுத்துவிடுகிறது.

சூட்டின் தடயங்களைப் புலன்களே ஓரளவு பிடித்துவிடும். விசிறியின் பேரிங் உலர்ந்தால், காலையில் முதலில் ஓடவிடும்போது கரகரக்கும். விசிறி தளர்ந்தால் மற்ற எல்லாமே வேகமாக மூப்படையும். கசிந்த திரவத்துக்கு மீன் கவிச்சி போல ஒரு வாடை உண்டு. காற்றுத் துளைகளின் வழியே டார்ச் அடித்தால், தலைப்பகுதி உப்பிய கெபாசிட்டர் சில சமயம் கண்ணில் படும். உப்பல் இல்லாததால் நலம் என்று முடிவுகட்டிவிட முடியாது. உப்பாமலே வற்றிப்போகும் கெபாசிட்டர்கள் ஏராளம்.

மல்டிமீட்டர் 12.02 வோல்ட் காட்டுகிறதே, பிறகென்ன சந்தேகம் என்பார்கள். 11.4 முதல் 12.6 வரை அனுமதி உண்டு என்பதால் அந்த எண் அழகாகவே தெரியும். மீட்டர் சொல்வது சராசரியை மட்டும். கெபாசிட்டர் தளர்ந்தால் அந்தச் சராசரியின் மேல் வேகமான அலைகள் ஏறிக்கொள்ளும். 12 வோல்ட் இணைப்பில் அவை 120 மில்லிவோல்ட்டையும், 5, 3.3 வோல்ட் இணைப்புகளில் 50 மில்லிவோல்ட்டையும் தாண்டக் கூடாது. இதைக் காண ஆசிலாஸ்கோப் வேண்டும், அதுவும் முழு லோடு கொடுத்து. பச்சை வயரைக் கறுப்போடு இணைத்து விசிறி சுற்றுவதைப் பார்ப்பது, பெட்டிக்கு உயிர் இருக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. ஆசிலாஸ்கோப் இல்லாதவர்களுக்குக் கணினியின் நடத்தையே சாட்சி சொல்லும். முதல் அழுத்தலில் எழாமல், சற்றுச் சூடேறிய பின் எழுந்தால் கெபாசிட்டர்களைச் சந்தேகிக்கலாம். விளக்கு ஒரு கணம் மினுங்கும்போது முன்பெல்லாம் தாக்குப்பிடித்த கணினி இப்போது ரீஸ்டார்ட் ஆனால், உள்ளே பெரிய கெபாசிட்டர் வலுவிழந்திருக்கக்கூடும். மின்சாரம் அறுந்தாலும் 16 மில்லிசெகண்ட் அளவுக்குக் கணினியைத் தாங்கிப்பிடிப்பது அதன் வேலை.

இந்தக் கலையின் நுட்பமெல்லாம் ஊதா வயரில் இருக்கிறது. கணினியை நிறுத்திய பிறகும், பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை அந்த வயருக்கு 5 வோல்ட் தரும் காத்திருப்புச் சுற்று இரவும் பகலும் வேலை செய்கிறது. கணினி நின்றிருக்கையில் பெரும்பாலான பெட்டிகளில் விசிறியும் நின்றுவிடுவதால் குளிர்காற்றும் அதற்குக் கிடையாது. எப்போதாவதுதான் கணினியைப் போடுகிறோம், தேய்மானமே இருக்காது என்ற வாதம் இங்கே உடைந்துவிடுகிறது. சில பழைய மலிவு வடிவமைப்புகளில், இந்தச் சுற்றின் சின்னஞ்சிறு கெபாசிட்டர் ஒன்று வற்றினால் வோல்ட் குறைவதற்குப் பதிலாக ஏறிவிடும், மதர்போர்டே பலியாகலாம். பழைய பெட்டியைச் சோதிக்க மல்டிமீட்டர் எடுப்பவர்கள் முதலில் தொட வேண்டியது ஊதா வயரைத்தான். 5.25 வோல்ட்டைத் தாண்டினால் அன்றே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பழக்கமில்லாதவர்கள் மூடியைத் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம்.