ஒளிப்படமும் இறைச்சிப் பொருளும்

ஒளிப்படக் கலையை இலக்கண நெறிநின்று ஆராயும் முயற்சி மாணாக்கரிடையே காணப்படுகின்றது. அது வரவேற்கத்தக்கதே. ஆயினும், யானையைக் காட்டும் படமெல்லாம் இறைச்சியுடையது என்று கூறிவிடுதல் பொருந்துமோ என்பதை ஈண்டு ஆராய்வாம்.

உவமம் வினை, பயன், மெய், உரு என்னும் நான்கு வகையால் தோன்றும் என்பர் தொல்காப்பியர். இவற்றுள் மெய்யும் உருவும் படத்திற்கு எளியன. வினை ஒரு கணத்தில் உறைந்து நிற்கும். பயனோ காண்பார் உய்த்துணர்தற்குரியது. 'போல' என்னும் உருபும் படத்திற்கு இல்லை. இரு படங்களை அருகருகே வைப்பின் எடுத்துக்காட்டுவமை பிறத்தல் கூடும். தனிப்படம் இயல்பாகத் தன்மையணியின்பாற்படும்.

நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் (1912–1996) கானுயிர்களைக் கருப்பு வெள்ளையில் படம் பிடித்தவர். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர். அவர்தம் யானைப் படங்கள் உள்ளதை உள்ளவாறு காட்டும் தன்மை நவிற்சிக்குத் தக்க சான்றாவன. வண்ணம் நீங்கியமையால் தோலின் திரைவும், உடலின் திரட்சியும், ஒளிநிழலும் மேம்பட்டுத் தோன்றுகின்றன. இது சொற்சுருக்கத்தை ஒத்ததொரு சிறப்பு என்க.

இனி இறைச்சியைக் காண்பாம். பாலை பாடிய பெருங்கடுங்கோவின் குறுந்தொகைப் பாட்டொன்றில் (37), பிடியின் பசி களைய யாமரத்தைப் பிளக்கும் களிற்றைத் தோழி சுட்டுகின்றாள். தலைவன் சென்ற வழியில் அவ்வன்புக் காட்சி உண்டு. அதனைக் காண்பவன் விரைந்து மீள்வான் என்பது குறிப்பு. வருந்துங்காலத்து அன்புடைய கருப்பொருளைச் சுட்டுதல் வன்புறையாகும் என்னும் தொல்காப்பிய விதியும் இதுவே.

கோவைக்குத் தெற்கே ஆனைமலைக் காட்டில் அத்தகைய களிற்றையும் பிடியையும் ஒருவர் படம் பிடித்தார் எனக் கொள்வோம். முதலும் கருவும் அதில் உள்ளன. ஆயின் வருந்துவார் யார்? ஆற்றுவிப்பார் யார்? கூற்றும் கேட்போரும் இன்மையின் வன்புறைக்கு அங்கு இடனில்லை. அப்படத்தின்கீழ், பிரிந்திருப்பார்க்கு உரியதொரு தலைப்பை எழுதின், அது துறைக்குறிப்பின் பணியைச் செய்யும்; அப்பொழுதே இறைச்சி பிறக்கும்.

படத்திற்கு ஆழமில்லை என்று இதனால் யாம் கூறினோமல்லேம். கருப்பொருள் படத்தில் உளது. உரிப்பொருள் அதனைச் சூழ்ந்த சொல்லாலும் சூழலாலும் வந்து சேர்வது. இவ்வேறுபாட்டை மறந்து குறியீடுகளை வழங்கின், படத்திற்குச் சிறப்பு கூடாது. பழைய இலக்கணக் குறியீடுகளே பொருள் இழக்கும். ஆய்வு மேற்கொள்வார் இதனைக் கருத்திற் கொள்வாராக.