வேதநாயகர் கூறும் ‘போதும்’

மாயூரம் வேதநாயகம் பிள்ளையை (1826–1889) முதல் தமிழ் நாவலின் ஆசிரியர் என்றே மாணாக்கர் அறிவர். அவர் கத்தோலிக்கர் என்பதும் முன்சீப் என்பதும் வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரியோடு நின்றுவிடும். அவ்விரண்டையும் சேர்த்து நோக்கினாலன்றி, பொருளைக் குறித்து அவர் எழுதியவை விளங்கமாட்டா.

1859-இல் வெளிவந்த ‘நீதிநூ’லில் கைக்கூலியை அவர் கடியும் வேகம் தனித்து நிற்பது. பொதுப்பட அறம் உரைப்பவரின் குரலன்று அது. வழக்காடுவோரின் பணம் எந்தெந்த வாசல் வழியாக அதிகாரியின் வீட்டுக்குள் நுழையும் என்பதை நீதிமன்றத்திலிருந்து கண்டவரின் குரல். மனநிறைவை அவர் முதற்கண் வேண்டுவது, வாங்கும் கையை உடையவனிடம்.

இது விவிலியத்தின் போக்கோடு இயைவதாகும். கிடைக்கும் சம்பளம் போதுமென்றிருக்கச் சொல்லும் அறிவுரை லூக்கா நற்செய்தியின் 3-ஆம் அதிகாரத்தில் வருகிறது. யாருக்கு? படைவீரர்க்கு! எவரையும் மிரட்டிப் பறிக்கலாகாது என்ற அதே மூச்சில் யோவான் அதனைச் சொல்கிறார். யாக்கோபின் நிருபமோ, அறுத்தவர்களின் கூலியைப் பிடித்துக்கொண்ட செல்வரைச் சாடுகிறது. எந்நிலையிலும் மனநிறைவு கொள்ளக் கற்றதாகப் பவுலடிகள் எழுதியது சிறையிலிருந்து. தம் வயிற்றைக் குறித்து எழுதினார், பிறர் வயிற்றைக் குறித்தன்று. கூடாரத்தொழில் செய்து பிழைத்தவரும் அவரே.

கோலா சாவா போன்ற தோட்டப்புறங்களில் இதனை மறத்தல் எளிது. பால்மரம் வெட்டுவோரிடமே ‘போதுமென்ற மனம்’ பெரிதும் உபதேசிக்கப்பட்டது. தோட்டத்தின் இலாபம் கொண்டவர்க்கு அதனை எடுத்துரைத்தார் அரியர். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியபோது, துண்டாடலுக்கு அஞ்சிய தொழிலாளர் கூலியில் மிச்சம் பிடித்துப் பங்கு சேர்ந்தனர். அதனைப் பேராசை என எவரும் கூறார். சிக்கனம் வேறு, பொருள்வெறி வேறு.

‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில் (1879) வரும் ஒரு நிகழ்ச்சியைச் சிரித்துவிட்டுக் கடந்துவிடுகிறோம். செல்வச் சிறுவன் பிரதாபன் பாடத்தில் தவறினால், உடன் படிக்கும் கனகசபை அடி வாங்குகிறான். செல்வம் தன் பிழைக்குரிய வலியைப் பிறர் முதுகில் ஏற்றும் என்பதனை இதனினும் சுருக்கமாகச் சொல்லல் அரிது. வகுப்பில் இப்பகுதியை நகைச்சுவை என்று மட்டும் நடத்துவது நூலுக்குச் செய்யும் குறை.

எனினும் நாவல் முழுவதும் இக்கூர்மை நிற்கவில்லை. நற்செல்வர் மனமிரங்கிக் கொடுப்பதால் துன்பம் தீர்வதையே கதை விரும்புகிறது. உழைப்பவன் தன் கூலியை உரிமையாய்க் கேட்கும் குரல் அங்கு அரிதினும் அரிது. ஆசிரியரிடத்து ஈரமில்லாமையன்று காரணம். 1876–78 பஞ்சத்தில் தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்தவர் அவர். ஈகையே அவர் காலத்தின் எல்லையாக இருந்தது. வாங்குவோன் கையைத் தடுக்கத் தெரிந்த அந்த முன்சீப், கொடுக்கவேண்டிய கூலியைக் கொடாத கையைத் தம் கதைக்குள் கூண்டில் ஏற்றவில்லை.