குழாயை உடைத்தது பனிக்கட்டியா?

ஸ்ரீவைகுண்டத்தில் தாமிரபரணி நீர் உறைந்ததை எவரும் கண்டதில்லை. ஆயினும், "நீர் உறையும்போது பருமன் பெருகும், ஆகவே குளிர்நாடுகளில் குழாய்கள் வெடிக்கின்றன" என்று எழுதி அவ்வூர் மாணவரும் மதிப்பெண் பெற்றுவிடுவார். விடை பிழையன்று, பாதியில் நின்றுவிட்ட விடை. பாதி விடை எங்கே தடுமாறும் என்பதைக் குளிர்சாதனத்தின் குழாய்ச் சுருளில் காணலாம். மெக்கானிக்குகள் இதைக் 'காயில்' என்பர்.

பெரிய கட்டடங்களில் செம்புக் காயில் வழியே குளிர்நீரோ வெந்நீரோ ஓடும். விசிறி அதன்மீது காற்றைச் செலுத்தும். குளிர்நாட்டில் வெளிக்காற்று 0 டிகிரிக்குக் கீழே இறங்கிய இரவில் நீரோட்டம் நின்றால் காயில் உடையும். நீர் உறைந்தால் பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் பெருகுவது மெய்தான். ஆனால் ஓர் எவர்சில்வர் டம்ளரில் நீரை உறைய வைத்துப் பாருங்கள். பனிக்கட்டி மேலே புடைக்கும், டம்ளர் உடையாது. போக வழியிருக்கிறதே! குழாயில் ஓரிடம் உறைந்து அடைத்துக்கொள்ள, அந்த அடைப்புக்கும் மூடிய வால்வுக்கும் நடுவே உறையாத நீர் சிக்குகிறது. பனிக்கட்டி வளர வளர அந்த நீரில் அழுத்தம் ஏறுகிறது. குழாயைக் கிழிப்பது அதுவே. 1990களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குழாய்களை உறையவைத்து இதைக் கண்டனர். கிழிந்த இடமும் உறைந்த இடமும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை.

இனி நம் கரைக்கு வருவோம். தூத்துக்குடியில் காயில் ஒழுகும்போது, "ஐஸ் கட்டி வெடித்துவிட்டது" என்று யாரேனும் சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். வீட்டு ஏ.சி.யில் வடிகட்டி அழுக்கடைந்தால் காயில்மேல் பனி படர்வதுண்டு. அது வெளிப்புறத்தில் தாராளமாக வளர்வது. உள்ளே ஓடுவது நீரன்று, குளிர்பதனப் பொருள். அது அந்தக் குளிரில் உறையாது. பெரிய கட்டடத்தின் குளிர்நீரும் சுமார் 7 டிகிரியில் ஓடுவது. (நீரைக் குளிர்விக்கும் சில்லர் எந்திரத்தில் ஓட்டம் தடைப்பட்டால் இங்கும் உறையக்கூடும், அதை மறுக்கவில்லை.)

உடைந்த வாயையே பாருங்கள். உறைவால் உடையும் குழாய் முதலில் உப்பும். பிறகு நீளவாக்கில் மீன்வாய்போலப் பிளக்கும். ஊசித்துளையாக, சுற்றிலும் பச்சைக் களிம்புடன் இருந்தால் அது அரிப்பு. அருகிலுள்ள அலுமினியத் தகடுகள் உப்புக்காற்றில் வெண்பொடியாக உதிர்ந்திருந்தால் ஐயம் குறையும். பற்றவைத்த இணைப்பில் கசிவு என்றால் பெரும்பாலும் வேலையில் குறை. அரிப்பை 'ஐஸ்' என்று தீர்ப்பளித்து, பழையதைப்போன்றே வேறொரு காயிலை வாங்கிப் பொருத்தினால் உப்புக்காற்று அதையும் தின்னும்; பூச்சிட்ட காயில் வேண்டும் என்ற எண்ணமே எழாது. பணம் மட்டும் இருமுறை போகும்.

பாடத்தில் 'அடைபட்ட நீர்' என்னும் இரு சொற்களைச் சேர்க்க ஒரு வரிகூடத் தேவைப்படாது.